ஓடை என்றால் அக்காவுக்குக் கோபம் வரும்

தொட்டியத்துக்காரர்கள் என் அக்கா மயிலம்மாளை வாயாடி என்பார்கள். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாய் இருக்கிறவள் பேசுகிறாள், இவர்களுக்கு என்ன கஷ்டம்? ஆனால் அந்த வாயை அவள் ஒரே ஒரு விஷயத்தில் ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் இறுக்கி மூடி வைத்திருந்தாளே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் கூடப்பிறந்தவள், வள்ளிக்கண்ணு. அதை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நெல்லிக்கரடு. துறையூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீரை நாங்கள் ஆறு என்போம். வெளியூர்க்காரர்கள் ஓடை என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு எங்கள் ஊரில் ஒரு வாய் மோர் வாங்கிக் குடித்துவிட முடியாது. மூன்று இடத்தில் அது அருவியாக விழுகிறது. மேலே கூந்தல்பாறை, நடுவில் இரட்டைத்தாரை, கீழே உரல்குண்டு. தண்ணீர் விழுந்து விழுந்து அந்தக் கடைசிப் பாறை உரல் மாதிரியே குடைந்து போயிருக்கும். குண்டின் ஓரத்தில் ஏழு கல் நட்டுக் கன்னிமாரைக் கும்பிடுகிறோம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அங்கே நின்று பேசுகிற பேச்சு நமக்கே கேட்காது. தை, மாசி வரை நன்றாக ஓடும். சித்திரைக்கு மேல் மெலியும். ஆடிக்காற்று அடிக்கிற நாளில் பாறையில் நூல் மாதிரிதான் இறங்கும். ஆனால் ஒரு நாளும் நின்றது கிடையாது.

அக்கா அந்தப் பாறைகளில் வளர்ந்தவள். வழி தப்பிய ஆட்டைத் தேடிக் கூந்தல்பாறை உச்சி வரைக்கும் தனியாக ஏறி, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தவள். கீழே நின்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவள் இறங்கி வந்து, "ஏன் அழுவுற? ஆடு கிடைச்சிருச்சுல்ல?" என்றாள். அப்படிப்பட்டவளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் தையில் தொட்டியத்தில் கட்டிக்கொடுத்தோம்.

அழகிரி மாமா நல்ல மனுஷர். காவிரிக் கரையில் வாழைத்தோப்பு. அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசுவார். மாரியாயி அத்தை என்றால் தொட்டியத்தில் பாதிப் பேருக்கு நடுக்கம். காவிரியைத் தன் வீட்டுக் கொல்லையில் கட்டியிருக்கிற பசுமாடு மாதிரி பேசுவார். "எங்க காவிரி இன்னைக்குக் கொஞ்சம் கலங்கல்", "எங்க காவிரி நேத்து ஒரு படி ஏறிட்டா" என்று காலையில் எழுந்ததும் முதல் பேச்சு அதுதான்.

அக்காவுக்குச் சும்மா இருக்க முடியுமா? தோப்பில் சருகு கழிக்கும்போதும், வீட்டில் மாவு ஆட்டும்போதும், எங்கள் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பாறைக்கு ஏன் கூந்தல்பாறை என்று பேர், உரல்குண்டில் விழுந்த எருமை எப்படிக் கரையேறியது, இரட்டைத்தாரைக்குப் பின்னால் புகுந்து மறுபக்கம் எப்படி வரலாம், எல்லாம் சொல்வாள். அத்தை கேட்கிற மாதிரியும் இருக்காது, கேட்காத மாதிரியும் இருக்காது. கடைசியில் மட்டும், "ம், அந்த ஓடைக்கா இவ்வளவு?" என்பார். அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. ஐம்பத்தாறு ஆனியில், காவிரியில் புதுத் தண்ணீர் வந்த அன்றைக்கு, தோப்பு வேலைக்கு வந்த பெண்கள் நாலு பேர் முன்னால் அத்தை சொன்னார்.

"பாருடி நல்லா. இது ஆறு. உங்க ஊர்ல மாடு தாண்டுற ஓடையை வெச்சுக்கிட்டு அலட்டிக்காதே."

"மாடு தாண்டாதுங்க அத்தை, யானை நின்னா அடிச்சிட்டுப் போயிரும். வந்து பாருங்க."

"வரேண்டி. அடுத்த மாசமே வரேன். நீ சொன்ன மாதிரி இருந்தா உன் ஊருதான் ஊருன்னு நான் ஒத்துக்கறேன். இல்லேன்னா?"

"இல்லேன்னா இந்த வீட்டுல எங்க ஊர்ப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த மாசம் ஆடி.

"அத்தை, ஐப்பசியில போவோமே. எங்க ஊர்ல மழை அப்பத்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடியில பெருகாத தண்ணி எந்த ஊர்லடி இருக்கு? இப்பவே சாக்கு தேடுறியா?"

காவிரிக்கரைக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. எங்கேயோ மேற்கே குடகு மலையில் மழை பெய்ய, ஆடியில் இவர்கள் வாசலில் வெள்ளம் வருகிறது. உடனே உலகத்தில் இருக்கிற தண்ணீர் எல்லாம் ஆடி பதினெட்டுக்குப் பொங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் மலைக்கு மழை கிழக்கேயிருந்து வரவேண்டும், அது ஐப்பசிக்கு முன்னால் தலை காட்டாது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஆடிப்பெருக்குக்குக் காவிரியை விட்டு நகரமாட்டேன், அது முடிந்த மறுவாரம் புறப்படலாம் என்று அத்தை நாள் குறித்துவிட்டார்.

சேதி எங்களுக்கு ஷேக் தாவூது பாய் மூலம் வந்தது. அவர் தொட்டியத்தில் வாழைத்தார் வாங்கித் துறையூர் சந்தையில் விற்கிறவர். பந்தயத்தையும் அவரே சொல்லிவிட்டு, "உங்க பொண்ணு மாட்டிக்கிச்சுங்க" என்று சிரித்தார். ஊரே கூடிவிட்டது. அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிச்சமுத்து சித்தப்பாதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நம்ம பொண்ணு தோக்கறதா? அருவியை நான் விழ வைக்கிறேன்" என்றார்.

எப்படி என்றால், கூந்தல்பாறைக்கு மேலே இரண்டு பாறைக்கு நடுவில் ஆறு ஒடுங்கி வருகிற இடம் ஒன்று உண்டு. அதில் மூங்கில் தட்டி வைத்து, கல்லும் மண்ணும் வைக்கோலும் போட்டு அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கும். சம்பந்தியம்மா உரல்குண்டுக்கு வந்து நிமிர்ந்து பார்க்கிற சமயத்தில் தட்டியைப் பிடுங்கிவிடுவது. அருவி விழும். ஊர் மானம் நிற்கும்.

நானும் கல் சுமந்தேன். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சுமந்தோம். நூலாக இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரும் கீழே வராமல் நின்றுபோனதால், குடிக்க ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டோம். ஒருத்தி முணுமுணுக்க வேண்டுமே! மயிலம்மாளுக்காக என்றால் எங்கள் ஊர் அப்படி.

அவர்கள் வந்த அன்றைக்கு நல்ல காற்று. துறையூர் வரை பஸ், அங்கிருந்து எங்கள் வண்டி. அத்தை பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார், ஜெயிக்கப் போகிறவர் கட்டுகிற மாதிரி. அக்கா முகம் வெளுத்திருந்தது. நேரே உரல்குண்டுக்கு அழைத்துப் போனோம். போகிற வழியில் அக்கா ஆற்றைப் பார்த்தாள். நடை நின்றுவிட்டது.

என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "என்னடி இது? கோடையிலகூட இப்படி காஞ்சு நான் பாத்ததில்லையே. மேல என்ன செஞ்சிருக்கீங்க?"

நான் பெருமையாகச் சொல்லிவிட்டேன். நான் தாவணியை வீசியதும் மேலே சித்தப்பா தட்டியைப் பிடுங்குவார் என்றும் சொன்னேன். சந்தோஷத்தில் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குள் அத்தை கன்னிமார் கல்லுக்கு மஞ்சள் வைத்துக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பாறையைப் பார்த்தார். "ஏண்டி, எங்கே உன் அருவி?" என்றார். என் கை தாவணிக்குப் போயிற்று. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும், ஜெயித்திருப்பாள். காலத்துக்கும் மாமியார் வீட்டில் தலைநிமிர்ந்து திரிந்திருப்பாள்.

"அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்றாள். "மேல தண்ணிய அடைச்சு வெச்சிருக்காங்க. என் மேல இருக்கிற பாசத்துல செஞ்சுட்டாங்க. திறந்தா கொஞ்ச நேரம் விழும். ஆனா அது எங்க அருவி இல்லீங்க. ஆடியில எங்க ஆறு இவ்வளவுதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அழகிரி மாமா வானத்தைப் பார்த்தார். அத்தை அக்கா பக்கம் திரும்பினார்.

"அப்ப தோத்துட்டே?"

"தோத்துட்டேங்க."

"பேச்சு பேச்சா இருக்கணும்."

"இருக்கும் அத்தை."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏண்டி பைத்தியக்காரி" என்று காதருகில் சீறினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஆத்துக்கு நாமளே பொய்சாட்சி சொல்றதா வள்ளி? அப்புறம் ஐப்பசியில அது நெஜமா விழுறப்ப நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு அப்பாவே கத்தினார். மேலே சித்தப்பா கோபத்தில் தட்டியைப் பிடுங்கி எறிந்தார். கல்லும் மண்ணும் வைக்கோலுமாகத் தண்ணீர் தடதடவென்று வந்து, கொஞ்ச நேரம் விழுந்துவிட்டு மறுபடி நூலாகிவிட்டது. ஊர்க்காரர்கள்கூட வேடிக்கை பார்த்தார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விருந்துக்கு இலை போட வேண்டும் என்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

என்னைக் கேட்டால், அவள் வாழ்நாளில் செய்த காரியங்களில் பெரியது அது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினது எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஊரில் சிலர் அவளைத் திட்டினார்கள். இரண்டு நாள் கல் சுமந்த தோள்வலி அவர்களுக்கு. நானும்தான் திட்டினேன், ஆனால் மற்றவர்கள் திட்டியபோது சண்டைக்குப் போனேன்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆவணி, புரட்டாசி போயிற்று. வாழைக்கன்று நட்டாள், முட்டுக் கொடுத்தாள், தார் வெட்டுகிற ஆட்களுக்குச் சமமாக நின்று வேலை செய்தாள். எல்லாரிடமும் எல்லாம் பேசினாள். எங்கள் ஊரைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. யாராவது தெரியாமல் கேட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கார்த்திகைச் சீர் எடுத்துக்கொண்டு நான் தொட்டியம் போனேன். அந்த வருஷம் எங்களுக்கு நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு வாய் துறுதுறு என்று இருந்தது. அடுப்பங்கரைக்குள் போனதும், "அக்கா, உரல்குண்டு நிரம்பி வழியுது! இரட்டைத்தாரை ஒண்ணாச் சேந்து விழுது!" என்று ஆரம்பித்தேன். அவள் ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"இந்த வீட்டுல வேண்டாம். பேசறதில்லேன்னு சொல்லியிருக்கேன்."

"நீதானே பேசக்கூடாது? நான் பேசறேன், நீ கேளு."

"கேட்டா நான் பேசிருவேண்டி" என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. எனக்கு அப்போது வந்த கோபத்தில் மாரியாயி அத்தையைத் தூக்கிக் காவிரியில் போட்டிருப்பேன்.

போடவில்லை, கேட்டுவிட்டேன். கொல்லையில் தனியாக இருந்தபோது, "ஏன் அத்தை, அக்கா வாயை அடைச்சுட்டீங்களே, நல்லா இருக்கா இப்ப?" என்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "என்னத்தை நல்லா இருக்கு?" என்றார். "முந்தியெல்லாம் மாவு ஆட்டுறப்ப ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா. இப்ப கல்லு சத்தம்தான் கேக்குது."

"பேசுடின்னு சொல்லிருங்களேன்."

"நான் எப்படிடி சொல்றது? ஊரறிய ஜெயிச்சவ நான்" என்றார். பிறகு கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு அவ வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா நான் ஏமாந்திருப்பேன், தெரியுமா?" என்றார். உடனே எழுந்து போய்விட்டார். அன்று சாப்பிடும்போது, "உங்க பக்கம் நல்ல மழையாமே?" என்று அக்காவைக் கேட்டார். "ஆமாம்னு சொன்னாங்க அத்தை" என்று அக்கா குழம்பை ஊற்றினாள். அவ்வளவுதான். அத்தை இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மார்கழி வரைக்கும் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போய்வரலாம், நீயும் இரு என்று அத்தையே சொன்னார். விடியும் முன்னே பஸ் பிடித்து, அம்மாமண்டபத்தில் போய் இறங்கினோம். காவிரிப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் குளிரிலும் ஜனங்கள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு படியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு ஸ்ரீரங்கத்து மாமி, மடிசார்ப் புடவையோடு, செம்பில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊர்லேர்ந்து வந்திருக்கேள்? தொட்டியமா? பேஷ். அங்கேயும் நம்ம காவேரித் தாயார்தான். இது உங்க மாட்டுப்பொண்ணா? லட்சணமா இருக்கா. உனக்குப் பொறந்த ஊர் எதும்மா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னைத்தான் கொழந்தே. எந்த ஊர்?"

அவள் வாய் திறக்கவில்லை. முந்தானை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள், பிழிவதற்கு அதில் தண்ணீரே இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

மாமி பரிதாபப்பட்டுவிட்டார். "ஐயோ பாவம், வாய் பேசமாட்டாளோ? பெருமாளே! கவலைப்படாதேங்கோ, ரங்கன் பாத்துப்பன்."

"யாரு, எம் மருமகளா?" என்று அத்தை எழுந்து நின்றுவிட்டார். படித்துறையே திரும்பிப் பார்த்தது. "எம் மருமகளா பேசமாட்டா? அவ பேச ஆரம்பிச்சா நீங்களும் நானும் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கணும்! நெல்லிக்கரடுங்க அவ ஊரு. பச்சைமலை அடிவாரம். கேள்விப்பட்டதில்லையா? அங்க ஒரு ஆறு இருக்கு. ஓடை இல்லீங்க, ஆறு! நம்ம காவிரி படுத்துக்கிட்டுப் போகுது, அந்த ஆறு நின்னுக்கிட்டு வருது. மேல கூந்தல்பாறை, அதுக்குக் கீழ இரட்டைத்தாரை. அந்தத் தண்ணிக்குப் பின்னால ஆள் புகுந்து மறுபக்கம் வரலாம். ஒரு சொட்டு மேல படாது. கீழ உரல்குண்டு. அதுல ஒரு எருமை விழுந்து, சுத்திச் சுத்தி, தானா கரையேறுச்சு. என்னடி, நான் சொல்றது சரிதானே?"

அருவி நிஜமாக விழுந்து ஒரு நாளும் பார்க்காதவர் சொல்கிறார்! மாவு ஆட்டும்போது அக்கா சொன்ன அத்தனையும் அவர் வாயிலிருந்து வருகிறது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசலாமா அத்தை?"

"பின்னே? நான் கேட்டதை வெச்சு எவ்வளவுதான் சொல்றது? பார்த்தவ நீதானே? சொல்லுடி என் தங்கமே, நம்ம ஊரைப் பத்தி நல்லா சொல்லு."

நம்ம ஊர் என்றார். என் காதால் கேட்டேன். அக்கா முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஐந்து மாசம் அடைத்து வைத்தது, சும்மாவா? மழை முதலில் எந்த முகட்டில் இறங்கும் என்பதிலிருந்து தொடங்கி, மாமியின் செம்பு தன் கைக்கு வந்துவிட்டது தெரியாமல், கோயிலுக்குப் போகிற நினைப்பே இல்லாமல் பேசினாள். சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அத்தை நடுவில் நின்று, "கேளுங்க, கேளுங்க" என்று இடம் விலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மாமி அக்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "அடியம்மா, கேக்கறச்சேயே குளிர்றதே! எனக்கும் ஒரு தரம் பாக்கணும் போல இருக்கு" என்றார்.

"அவசியம் வாங்கம்மா, எங்க வீட்டுலயே தங்கலாம்" என்றாள் அக்கா.

"ஐப்பசியில வாங்க" என்றார் அத்தை அவசரமாக. "என்னை மாதிரி ஆடியில போய் நின்னுடாதீங்க."